விலாங்கு என்ன தின்னும்

சிங்கப்பூரின் குவீன்ஸ்டவுனில் குடியிருக்கும் சிவகாமசுந்தரியை நல்ல ஆசிரியர் என்று அவருடைய பழைய மாணவர்கள் சொல்வதில்லை. கண்டிப்பானவர் என்பார்கள். உயர்நிலைப் பள்ளியில் தமிழ் கற்பித்த காலம் முழுவதும் அவர் பாடத்தில் ஒரு பத்தியைக்கூடத் தாண்டிப் போனதில்லை. "இது பரீட்சைக்கு வராது டீச்சர்" என்று யாராவது முணுமுணுத்தால், "வராட்டி என்ன, புத்தகத்துல இருக்குல்ல?" என்று கேட்டுவிட்டுப் படிக்கச் சொல்வார். அந்தக் குணத்தால் அவரை யாருக்கும் பிடிக்காமல் போனது. அவரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

அப்படிப்பட்டவர் ஓய்வு பெற்ற பிறகு ஒரே ஒரு முறை, ஒரு மீனைப் பற்றிப் பேசும்போது, இருந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டார்.

அவருடைய ஒரே மகன் நிதீஷ் சரக்குக் கப்பலில் இளநிலைப் பொறியாளராக இருந்தான். ஐந்து வருடங்களுக்கு முன், சிங்கப்பூரிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குப் போன கப்பலில், இந்தியப் பெருங்கடலின் நடுவே ஒரு காலை அவன் வேலைக்கு வரவில்லை. அறையிலும் இல்லை. முந்தின மாலை அவன் மேல்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதைச் சமையல்காரர் ஒருவர் பார்த்திருக்கிறார். தவறி விழுந்தானா, வேறு ஏதாவதா என்பது யாருக்கும் தெரியவில்லை. கப்பல் வந்த வழியே திரும்பிப் போய்த் தேடியது. மற்ற கப்பல்களுக்கும் சொன்னார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை.

கம்பெனி அதிகாரி ஒருவர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து இதையெல்லாம் சொன்னார். சிவகாமசுந்தரியின் கணவர் மாணிக்கம் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர். கப்பலைப் பற்றிப் பேசும்போது வேலைக்காரனின் கேள்விதான் அவர் வாயில் வரும். "அங்க எவ்வளவு ஆழம்?" என்று கேட்டார். அதிகாரி தயங்கி, நாலாயிரம் மீட்டருக்கு மேல் என்றார். சிவகாமசுந்தரி அப்போது சமையலறையில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தார். தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஏதாவது மீன்பிடிப் படகு எடுத்திருக்கும்" என்றார். அதிகாரி தலையை ஆட்டினார். இல்லை என்று சொல்ல அவருக்கு என்ன அதிகாரம் இருக்கிறது?

அதற்குப் பிறகு அந்தப் படகைப் பற்றிச் சிவகாமசுந்தரி மறுபடி பேசவில்லை. ஆனால் மகனுக்குக் காரியம் செய்ய வேண்டும் என்று மாணிக்கம் எப்போது எடுத்தாலும் அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது. "உயிரோட இருக்கறவனுக்குக் காரியம் பண்ணக் கூடாதுங்க. ஆயுசு கொறையும்."

மாணிக்கத்துக்கு இதய அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. மாளய அமாவாசையன்று அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் எள்ளும் தண்ணீரும் விடும்போது, மகன் பெயரைச் சொல்லவும் முடியாமல் விடவும் முடியாமல் அவர் கை நின்றுவிடும். தனக்குச் செய்ய வேண்டியவனுக்குத் தான் செய்ய வேண்டியிருக்கிறது. தானும் போய்விட்டால் அவனுக்குச் செய்ய ஆள் கிடையாது. பயம் என்று சொன்னால் அவருக்கு இருந்த பயம் இது ஒன்றுதான்.

சிராங்கூன் சாலையில் ஒரு பூக்கடை வாசலில் தெரிந்த ஐயர் ஒருவரைப் பார்த்தபோது கேட்டார். உடல் கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பையால் உருவம் செய்து, தலைக்குத் தேங்காய் வைத்து, அதற்கே எல்லாம் செய்யலாம் என்றார் ஐயர்.

"செஞ்ச பெறகு ஆள் வந்துட்டா சாமி?"

"வந்தா நல்லதுதானே! தொட்டில்ல போட்டுப் பேர் வெச்சு மொதல்லேர்ந்து ஆரம்பிச்சுடலாம். சாஸ்திரத்துலயே அதுக்கு வழி இருக்கு. ஒங்களுக்கு ஒரு பேரன் பொறந்த மாதிரி ஆச்சு."

மாணிக்கம் சிரித்தார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் இதைச் சொன்னபோது அவரும் சிரிப்பார், மனம் இளகும் என்று நினைத்திருந்தார். சிவகாமசுந்தரி சிரிக்கவில்லை. "வேண்டாம்" என்றார். அதோடு அந்தப் பேச்சு நின்றது. மனைவி நம்பிக்கையோடு இருக்கிறாள், அதை உடைக்கத் தனக்கு உரிமை இல்லை என்று மாணிக்கம் எடுத்துக்கொண்டார். ஒருவர் ஒன்றை நம்புவதற்கும் அதற்கு எதிரானதைச் சொல்ல வாய் வராமல் இருப்பதற்கும் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரிவதில்லை. ஒரே வீட்டில் இருந்தாலும் தெரிவதில்லை.

மீன் வேலை வந்தது இதற்குப் பிறகு. நகரின் மேற்கே பழைய கிடங்கு ஒன்றில் ஆழ்கடல் உயிர்களின் கண்காட்சி திறந்தார்கள். கண்ணாடிக் குடுவைகளில் எரிசாராயத்தில் ஊறும் மீன்கள், மங்கிய விளக்கு, சுவரெல்லாம் கறுப்புச் சாயம். வருகிறவர்கள் காதில் மாட்டிக்கொள்ளும் கருவியில் நான்கு மொழிக்கும் நான்கு பொத்தான்கள். தமிழுக்குக் குரல் தேடியபோது யாரோ சிவகாமசுந்தரியின் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழில் எழுதி, அவரே பேசிக் கொடுக்க வேண்டும். அவர் குரல் இனிமையானது என்று சொல்ல முடியாது. வகுப்பின் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும் குரல். அதுவே போதும் என்றார்கள்.

சுவா சூ காங்கிலிருந்து வேலைக்கு வரும் திவ்யதர்ஷினி என்ற பெண்தான் பதிவைக் கவனித்துக்கொண்டாள். கடல் உயிரியல் படித்தவள், கலகலப்பானவள். சிவகாமசுந்தரி ஒவ்வொரு மீனாகப் பேசிக்கொண்டு வந்தார். வாயே உடலாக இருக்கும் மீன், நெற்றியில் விளக்கு வைத்திருக்கும் மீன், உடலுக்குள் எலும்பு தெரியும் மீன். பிறகு மொண்ணை மூக்கு விலாங்கு வந்தது. அந்தப் பெயரே அவர் வைத்ததுதான்.

"இதன் உடல் பாம்புபோல் நீண்டது. ஆனால் பாம்பின் நளினம் இதற்கு இல்லை. முன்பாதி தடித்தும் பின்பாதி தட்டையாகவும் இருக்கும். மூக்கை யாரோ கத்தியால் சீவிவிட்டதுபோல் முகம் மொண்ணையாக முடியும். அந்த முகத்தில் குறுக்கே ஒரு சிறு கீறல். அதுதான் வாய். கண்கள் சிறியவை. முதுகில் தொடங்கும் துடுப்பு வாலைச் சுற்றி வயிற்றுப் பக்கம் வரை ஒரே ஓரமாக ஓடும். செதில்கள் தோலுக்குள் புதைந்திருக்கும். உடல் முழுவதும் வழுவழுப்பு. நீளம் பெரும்பாலும் ஒரு முழத்துக்குச் சற்றுக் கூடுதல். கண்டங்களின் விளிம்பு கடலுக்குள் சரிந்து இறங்கும் இடங்களில், தரையை ஒட்டி வாழும். அங்கே வெயில் வருவதில்லை. தண்ணீர் எப்போதும் குளிர்ந்திருக்கும். பகல், இரவு, பருவம் எதுவும் இல்லை."

இந்த இடத்தில் நிறுத்தினார். திவ்யதர்ஷினி கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையைக் காட்டினாள்.

"ஆன்ட்டி, முடிஞ்சிடுச்சா? இங்லீஷ்ல இன்னும் கொஞ்சம் போகுதே."

"தமிழ்ல சுருக்கமா சொல்லிடலாம்மா."

அந்தப் பெண் அதை நம்பினாள். தமிழில் எதுவும் ஆங்கிலத்தைவிடச் சுருக்கமாக முடிந்ததில்லை என்று முப்பது வருடம் மாணவர்களிடம் குறைப்பட்டுக்கொண்டவர் சிவகாமசுந்தரி. அன்று வெளியே வந்ததும், வேறு எதையோ கேட்பதுபோல், இந்த மீன் எவ்வளவு ஆழம் வரை போகும் என்று கேட்டார். இரண்டாயிரத்து அறுநூறு மீட்டர் வரை பிடித்திருக்கிறார்கள் என்றாள் திவ்யதர்ஷினி. "அதுக்கும் கீழ?" என்றார். அவள் உற்சாகமாக நிறையச் சொன்னாள். சிவகாமசுந்தரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, எம்ஆர்டி ரயில் ஏறி வீட்டுக்குப் போய், இரவுக்குத் தோசை வார்த்தார்.

கண்காட்சி திறந்து ஒரு வருடத்துக்குப் பிறகு, அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் மூத்தோர் நிலையத்திலிருந்து தமிழ் பேசுகிறவர்களை அங்கே கூட்டிப்போனார்கள். சிவகாமசுந்தரியே சுற்றிக்காட்ட வேண்டும் என்று ஏற்பாடு. மாணிக்கத்துக்கு முட்டி வலி. ஆனாலும் வந்தார். பக்கத்து வீட்டு பரீதா வந்திருந்ததால் பேருந்தில் யாருக்கும் தூக்கம் வரவில்லை.

"அண்ணே, அக்கா வீட்லயும் இப்படித்தான் மைக் பிடிச்சுப் பேசுவாங்களா?" என்று கேட்டார் பரீதா.

"வீட்ல பேசினா ஏன் இங்க வர்றேன்?" என்றார் மாணிக்கம்.

"நல்லா வாங்கிக் கட்டிக்கப் போறீங்க லா இன்னிக்கு!"

உள்ளே போனதும் இருட்டில் எல்லாருடைய குரலும் தாழ்ந்தது, பரீதாவுடையதைத் தவிர. ஒவ்வொரு குடுவைக்கு முன்னாலும் அவருக்கு ஒரே கவலைதான். இதைச் சம்பல் போட்டுச் சமைக்கலாமா, இதன் முள்ளை எப்படி எடுப்பது, இதில் கறி இருக்குமா. மொண்ணை மூக்கு விலாங்குக்கு முன் வந்து மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பார்த்தார். சாராயத்தில் ஊறி ஊறி அது வெளுத்த பழுப்பாகியிருந்தது. வளைந்து, தன் வாலைத் தானே பார்ப்பதுபோல் கிடந்தது.

"யா அல்லா, என்னக்கா இது, மூஞ்சிய யாரோ அறைஞ்ச மாதிரி இருக்கு! இவ்ளோண்டு வாய வெச்சுக்கிட்டு என்னத்தத்தான் சாப்பிடும்?"

"இறால், புழு, அந்த மாதிரி" என்றார் சிவகாமசுந்தரி. "வாங்க, அடுத்தது பார்க்கலாம்."

கூட்டம் நகர்ந்தது. மாணிக்கத்துக்கு நிற்க முடியவில்லை. விலாங்குக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். கருவியைக் காதில் மாட்டி, தமிழ்ப் பொத்தானை அமுக்கினார். மீனைத் தெரிந்துகொள்ளும் ஆசை ஒன்றும் அவருக்கு இல்லை. மனைவி இவ்வளவு நீளமாக ஒன்றைப் பற்றிப் பேசி அவர் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, "பகல், இரவு, பருவம் எதுவும் இல்லை" என்று குரல் நின்றுவிட்டது. பரீதா கேட்ட கேள்விக்கு அதில் பதில் இல்லை. மற்ற மீன்களைக் காட்டும்போதெல்லாம் அது என்ன தின்னும் என்று கடைசியில் மனைவி சொன்னாளே என்று அவருக்கு நினைவு வந்தது. ஆங்கிலப் பொத்தானை அமுக்கினார்.

ஆங்கிலத்தில் ஓர் ஆள் நிதானமாகச் சொன்னான். இது சிறு உயிர்களைத் தின்னும். மேலிருந்து இறந்து விழும் பெரிய உடல்களையும் தேடி வரும். சிறிய வாயானாலும் தாடைக்கு வலு அதிகம். சதையைத் துளைத்து உள்ளே போய்த் தின்னும்.

மாணிக்கம் கருவியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். திரும்பக் கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை. எங்கோ ஒரு மீன்பிடிப் படகில் மகன் உயிரோடு இருக்கிறான் என்று நினைக்கும் ஒரு தாய்க்கு இந்த மீனிடம் என்ன பயம்? இது எதைத் தின்றால் அவளுக்கு என்ன? ஐந்து வருடமாகத் தான் காப்பாற்றிக்கொடுத்த நம்பிக்கை என்ற ஒன்று அந்த வீட்டில் இல்லவே இல்லை என்பது அவருக்கு அந்தப் பெஞ்சில் புரிந்தது. தன் சொல்லுக்கு அவள் காத்திருக்க, அவள் சொல்லுக்குத் தான் காத்திருந்ததாக அவருக்குத் தோன்றியது. அது சரியா என்று இப்போதும் அவருக்குத் தெரியாது.

திரும்பும்போது நிலையத்தின் பேருந்தில் ஏறாமல், மருந்து வாங்க வேண்டும் என்று சொல்லி, மனைவியை அழைத்துக்கொண்டு சாதாரணப் பேருந்தில் வந்தார். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

"சிவகாமி."

"ம்."

"அந்த விலாங்கு. நான் இங்லீஷ்லயும் கேட்டேன்."

சிவகாமசுந்தரி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். துவைத்த துணிகள் மூங்கில்களில் நீட்டிக்கொண்டிருக்கும் புளோக்குகள் ஒவ்வொன்றாகப் போயின.

"அது அவ்வளவு ஆழத்துக்குப் போகாதுங்க" என்றார். "ரெண்டாயிரத்து அறுநூறு வரைக்கும்தான். அந்தப் பொண்ணுகிட்ட கேட்டேன்."

"சரி."

"நாலாயிரத்துல வேற இருக்கு. அதுவும் இப்படித்தான் நீளமா, வால் மெலிஞ்சு, விலாங்கு மாதிரியே. கண்ணு சரியாத் தெரியாது. வாசனையை வெச்சு வரும். அதுவும் கீழ விழறதைத்தான்…"

மாணிக்கம் அவர் பக்கம் திரும்பினார். "நாலாயிரம்னு ஒனக்கு யார் சொன்னா?"

"நீங்கதான கேட்டீங்க அந்த ஆள்கிட்ட. நான் டீ போட்டுட்டிருந்தேன்."

இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. இருவரும் மணியை அமுக்கவில்லை. பேருந்து தாண்டிப் போய் அடுத்த நிறுத்தத்தில் வேறு யாருக்கோ நின்றபோதுதான் எழுந்தார்கள். வெயிலில் திரும்பி நடந்தார்கள். முட்டி வலியால் மாணிக்கம் மெதுவாக நடக்க, அவரைவிட மெதுவாகச் சிவகாமசுந்தரி நடந்தார்.

"நான் அதைப் படிச்சுட்டா அது என் குரல்ல அந்த மெஷின்ல இருக்கும்" என்றார். "யார் யாரோ வந்து அமுக்குவாங்க. அமுக்க அமுக்க நான் சொல்லிக்கிட்டே இருப்பேன்."

"தமிழை யாரும் அமுக்கறதில்லன்னு அந்தப் பொண்ணு சொன்னதா நீதான சொன்ன."

"நீங்க அமுக்கினீங்கல்ல."

புளோக்கின் நிழலுக்குள் வந்ததும் சிவகாமசுந்தரி நின்றார். மின்தூக்கிக்குப் போகவில்லை. "மொதல்ல நான் போய் அதைச் சரியாப் பேசிக் குடுத்துட்டு வர்றேன். அப்புறம் அந்த ஐயரைக் கேளுங்க."

அவர் சொன்னதைச் செய்தார். மறுவாரம் போய்க் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்தார்.

"யாராச்சும் கம்ப்ளைன் பண்ணாங்களா ஆன்ட்டி?" என்று கேட்டாள் திவ்யதர்ஷினி.

"ஆமாம்மா. ஒருத்தர்."

"தமிழ் கேக்க ஒரு ஆள் இருக்காங்கன்னு சந்தோஷப்படுங்க லா!"

சிவகாமசுந்தரி பேசினார். கடைசி வரிசைக்குக் கேட்கும் அதே குரல். "மேலிருந்து இறந்து விழும் உடல்களைத் தேடி வரும். துளைத்து உள்ளே சென்று தின்னும்." ஒரே முறையில் சரியாக வந்தது. குரல் நடுங்கியிருந்தால் திவ்யதர்ஷினிக்குத் தெரிந்திருக்கும். நடுங்கவில்லை. இதைத் துணிச்சல் என்று சொல்லலாம். நெடுநாள் பழக்கம் என்றும் சொல்லலாம். எனக்குத் தெரிந்து பெரும்பாலான துணிச்சல் பழக்கம்தான்.

காரியம் ஒரு மண்டபத்தின் பின்பக்கம் நடந்தது. ஐயர் பலகையில் தர்ப்பையைப் பரப்பி உருவம் செய்தார். கட்டுக் கட்டாகக் கை, கால், மார்பு. தலையில் குடுமித் தேங்காய். மந்திரம் தொடங்குவதற்கு முன் சிவகாமசுந்தரி கிட்டே வந்து பார்த்தார்.

"ரொம்பக் குட்டையா இருக்கே. அவன் நல்ல உயரம்."

"இது உருவம்தாம்மா. அளவெல்லாம் பார்க்கப்படாது" என்றார் ஐயர்.

"கொஞ்சம் நீட்டுங்க சாமி" என்றார் மாணிக்கம்.

ஐயர் அவரைப் பார்த்தார். இன்னொரு கட்டைப் பிரித்துக் கால்களில் சேர்த்தார். பலகையின் விளிம்பு வரை வந்தது. அங்கே நிறுத்தி, போதுமா என்பதுபோல் நிமிர்ந்தார். சிவகாமசுந்தரி தலையசைத்தார். பிறகு மகன் செய்ய வேண்டியதைத் தகப்பன் மகனுக்குச் செய்தார். புல் நிமிடத்தில் எரிந்துவிட்டது. தேங்காய்க்குத்தான் நேரமானது.

சாங்கிக் கடற்கரையிலிருந்து சிறு படகில் சாம்பலைக் கொண்டுபோனார்கள். தூரத்தில் எண்ணெய்க் கப்பல்கள் நங்கூரம் போட்டு நின்றன. கூட வந்தது பரீதா மட்டும். அன்று அவர் ஒரு வேடிக்கையும் பேசவில்லை. சிவகாமசுந்தரியின் கைப்பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாணிக்கம் சாம்பலைக் கரைத்தார். அது கொஞ்ச நேரம் நீரின் மேல் சாம்பல் நிறத் தோலாக மிதந்து, கிழிந்து, இறங்கியது.

"இங்க எவ்வளவு ஆழம்?" என்று கேட்டார் சிவகாமசுந்தரி.

"இங்க ஆழமே இல்ல. முப்பது மீட்டர் இருந்தா அதிகம்" என்றார் மாணிக்கம்.

"அடியில வெளிச்சம் போகுமா?"

மாணிக்கம் வாழ்நாள் முழுவதும் அந்தத் தண்ணீரைப் பார்த்தவர். கலங்கிய தண்ணீர். இரண்டு ஆள் ஆழத்துக்குக் கீழே அதில் கையைக்கூடப் பார்க்க முடியாது என்று முக்குளிக்கிறவர்கள் அவரிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்கள்.

"போகும்" என்றார்.

சிவகாமசுந்தரி பரீதாவிடமிருந்து கைப்பையை வாங்கிக்கொண்டார். படகுக்காரர் கரைப் பக்கம் திருப்பினார்.